ராணிக்கு அப்போது வயது 54

கேள்வி: பதினோராம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் பற்றி 1998-ல் வந்த படம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் இரண்டாம் பாகமான ‘எலிசபெத்: த கோல்டன் ஏஜ்’ படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று பார்த்தேன், ஏமாற்றமாக இருந்தது. காட்டலாமா, வேண்டாமா?

பதில்: முழுப் படத்தையும் காட்ட வேண்டாம். இரண்டு காட்சிகள் போதும், கூடவே நீங்கள் பேச வேண்டும்.

அதே சேகர் கபூர், அதே கேட் பிளான்செட்தான். ஆனால் இந்தப் படம் ராணியின் வயதை மறைத்துவிட்டது. கதை தொடங்கும் 1585-ல் அவர் ஐம்பதைத் தாண்டியவர். படத்தில் ஆஸ்திரிய இளவரசர் சார்லஸ் அவரைப் பெண் பார்க்க வருகிறார். அந்தச் சம்பந்தப் பேச்சு 1560-களிலேயே முறிந்துபோனது. 1571-ல் சார்லஸுக்கு வேறு இடத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது. ஸ்பெயின் மன்னர் மகள் இசபெல்லா சின்னக் குழந்தையாக வருகிறாள். 1588-ல் அவளுக்கு 20 வயதுக்கு மேல். ராணியின் அபிமானத்துக்குரிய கடலோடி வால்டர் ராலேயின் ரகசியத் திருமணம் நடந்தது, 1588-ல் இங்கிலாந்தைத் தாக்க ஸ்பெயின் அனுப்பிய ‘அர்மடா’ கப்பற்படையோடு நடந்த போருக்குப் பிறகு, 1591-ல். அதை முன்னால் இழுத்துப் போட்டு, ஒரு அரசின் நெருக்கடியையே காதல் ஏக்கமாக்கிவிட்டார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

சரி, எதைக் காட்டுவது? முதலாவது, ஸ்காட்லாந்து ராணி மேரியின் மரண தண்டனை. கறுப்பு அங்கியைக் கழற்றியதும் சிவப்பு உடை தெரிகிறதே, அது நடந்ததுதான்: கத்தோலிக்கர்களுக்குச் சிவப்பு தியாகியின் நிறம். படத்தில் மேரி ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பேசுகிறார். உண்மையில் அவர் 5 வயது முதல் 18 வரை பிரான்சில் வளர்ந்தவர். எலிசபெத்துக்கு எதிரான சதியில் அவர் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லுங்கள். பீர் பீப்பாயில் ஒளித்து அனுப்பிய ரகசியக் கடிதங்களை எலிசபெத்தின் உளவுத் தலைவர் வால்சிங்கமின் ஆட்கள் வழியிலேயே எடுத்துப் படித்துவிட்டு, மறுபடியும் ஒட்டி அனுப்பினார்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

கடற்போரைத் தவிர்த்துவிடுங்கள். படத்தில் தீக்கப்பலில் பாயும் ராலே, அன்று அந்தக் கப்பற்படையிலேயே இல்லை. பிரான்சின் கலே துறைமுகத்துக்கு வெளியே நின்ற ஸ்பானியக் கப்பல்களை நோக்கி, ஆங்கிலேயர்கள் இரவில் 8 கப்பல்களைக் கொளுத்தி விட்டார்கள். ஸ்பானியர்கள் பதறி நங்கூரக் கயிறுகளை வெட்டிக்கொண்டு சிதறினார்கள். அப்புறம் அயர்லாந்துக் கரையில் புயல் அடித்தபோது நிறுத்திப் பிடிக்க நங்கூரம் இல்லாமல் பல கப்பல்கள் பாறையில் மோதின. இதைப் பலகையில் வரைந்தாலே போதும்.

இரண்டாவது, டில்பரி உரை: ஸ்பானியப் படையெடுப்பை எதிர்கொள்ளத் திரண்ட படைவீரர்களிடம் ராணி டில்பரியில் பேசியது. உடைக்கு ஆஸ்கர் வாங்கிய படம், இசையில் ஏ.ஆர்.ரஹ்மானும் உண்டு, கண்ணுக்கும் காதுக்கும் குறை இல்லை. ஆனால் “பலவீனமான பெண்ணின் உடல், ஆனால் அரசனின் நெஞ்சம்” என்ற புகழ்பெற்ற வரி படத்தில் இல்லை. அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பேசியவருக்கு 54 வயது என்பதையும் சொல்லுங்கள்.

காதல் கதை எங்கே என்று மாணவர்கள் கேட்டால், டில்பரிப் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட் டட்லியைச் சொல்லுங்கள். ராணியின் இளமைக்கால நண்பர். இந்தப் படத்தில் ஆளே இல்லை. அர்மடா போன சில வாரங்களில் அவர் இறந்தார். அவர் எழுதிய மடலின் மேல் ராணி தன் கையால் “அவருடைய கடைசிக் கடிதம்” என்று எழுதி, 1603-ல் தான் இறக்கும் வரை கட்டிலருகே ஒரு பெட்டியில் வைத்திருந்தார்.