தம்பி தூங்கி எத்தனை நாளாச்சு?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு 19 வயது, மதுரையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. நன்றாகப் படித்தவன், போன செமஸ்டரில் நான்கு அரியர். மூன்று மாதமாகக் கல்லூரிக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறான். போன் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறான். ஹாஸ்டல் பையன்கள் பக்கத்து வீட்டு மாடியில் நின்று தன்னைப் பற்றிப் பேசுகிறார்களாம். நான் ஒரு வாய் சாப்பிட்ட தட்டில்தான் அவன் சாப்பிடுகிறான். ராத்திரி முழுக்க நடக்கிறான். போன் பார்த்தே கெட்டான் என்கிறார் அப்பா. காத்து கருப்பு என்கிறார் அப்பத்தா. பாண்டி கோயிலுக்கும் போய் வந்தோம். ஆஸ்பத்திரி என்றாலே "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்துகிறான். எப்படிக் கூட்டிப்போவது? மறுபடி படிப்பானா?

பதில்: நீங்கள் எழுதியதில் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. அக்கா சாப்பிட்ட தட்டில்தான் தம்பி சாப்பிடுகிறான். யாரையும் நம்ப முடியாமல் தவிக்கிற பையன் உங்களை இன்னும் நம்புகிறான். வைத்தியம் தொடங்க இதைவிடப் பெரிய முதல் கிடையாது. இதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் உங்கள் முதல் வேலை.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சைக்கோசிஸ் என்று மனநல டாக்டர்களான நாங்கள் சொல்லும் நிலையோடு ஒத்துப்போகின்றன. மாடியில் யாரோ இருமுகிறார். நம் மூளை அதைக் கணக்கிலேயே எடுக்காது. இந்த நிலையில் உள்ள மூளை, "இது உனக்குத்தான்" என்று அந்த இருமலுக்கும் முத்திரை குத்திவிடும். டோபமின் என்ற ரசாயனம் அளவுக்கு மீறி வேலை செய்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆளே இல்லாத இடத்தில் குரல் கேட்பதும், சந்தேகம் அசைக்க முடியாத உறுதியாக மாறுவதும் இதனால்தான். அவன் நடிக்கவில்லை. நமக்கு அம்மாவின் குரல் எப்படிக் கேட்கிறதோ அப்படியே அவனுக்கு அந்தக் குரல் கேட்கிறது.

நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த நிலை வருகிறது. பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில்தான் முதலில் தலைகாட்டும். போன் பார்த்து வருவதில்லை, வளர்ப்பு சரியில்லாமலும் வருவதில்லை. அப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். கஞ்சா பழக்கம் இருந்தால் மட்டும் ஆபத்து கூடும். அதை அதட்டிக் கேட்காமல் தனியாகக் கேளுங்கள், டாக்டரிடமும் மறைக்காதீர்கள்.

சைக்கோசிஸ் என்றாலே மனச்சிதைவு நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மனநிலை ஏற்ற இறக்க நோயிலும் இது வரும், போதைப் பொருளாலும் வரும், சில சமயம் தைராய்டு கோளாறோ மூளை அழற்சியோகூடக் காரணமாக இருக்கும். அதனால்தான் முதல் முறை வருகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறோம், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுக்கிறோம். காய்ச்சல், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் இதில் ஏதாவது சேர்ந்து வந்தால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

மூன்று மாதம் போய்விட்டதே என்று நொந்துகொள்ள வேண்டாம். நான்காவது மாதத்துக்கு மட்டும் விடாதீர்கள். சிகிச்சை தொடங்காமல் போகும் காலம் எவ்வளவு நீளுகிறதோ, தேறி வருவதும் அவ்வளவு கடினமாகிறது. உலகம் முழுவதும் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அப்பத்தாவோடு சண்டை வேண்டாம். சாமியும் கும்பிடுங்கள், மாத்திரையும் கொடுங்கள். என்னிடம் வருகிற பையன்களில் கையில் மந்திரித்த கயிறு கட்டாதவர்கள் குறைவு. நான் யாரையும் அவிழ்க்கச் சொன்னதில்லை. ஆனால் கட்டிப்போடுகிற இடத்துக்கும் அடிக்கிற இடத்துக்கும் பட்டினி போடுகிற இடத்துக்கும் அவனைக் கொண்டுபோகாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்தது அது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

சரி, எப்படிக் கூட்டிப்போவது? வாதம் செய்து ஜெயிக்க முடியாது. "யாரும் பேசலடா, உனக்குத்தான் பிரமை" என்றால், அடுத்த நிமிடமே நீங்களும் எதிராளிகள் பக்கம் போய்விடுவீர்கள். அவனைச் சமாதானப்படுத்த "ஆமா, எனக்கும் கேக்குது" என்றும் சொல்லக் கூடாது. தூக்கத்தைப் பிடித்துப் போங்கள். அவனே ஒத்துக்கொள்ளும் கஷ்டம் அது ஒன்றுதான், அது நிஜமும்கூட. இப்படிப் பேசிப் பாருங்கள்: "எனக்கு அந்தப் பேச்சு கேக்கலடா. ஆனா உனக்குக் கேக்குது, நீ பயந்துபோயிருக்கேன்னு தெரியுது. தூங்கி எத்தனை நாளாச்சு? தூக்கத்துக்கு ஒரு டாக்டரப் பாப்போம். நான் கூடவே இருக்கேன்." ஒரே நாளில் சரி என்று சொல்லமாட்டான். வீட்டில் கூட்டம் இல்லாத நேரத்தில், இரண்டு மூன்று தடவை, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். கல்யாண வீட்டுக்குப் போகிறோம் என்று ஏமாற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்காதீர்கள்.

சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கவும் கூடாது. ஒரு அம்மா தயிர்சாதத்தில் மாத்திரையைப் பொடித்துப் போட்டுப் பிசைந்திருக்கிறார். சாதத்துக்கு நடுவில் வெள்ளையாக ஒரு துணுக்கு கரையாமல் நின்றது. பையன் அதை விரல் நுனியில் எடுத்து, ஒன்றும் பேசாமல் அம்மா முகத்தையே பார்த்தானாம். "விஷம் வைக்கிறாங்க" என்று அவன் ஆறு மாதமாகச் சொல்லிவந்தது அன்றைக்கு அவன் கண்ணுக்கு உண்மையாகிவிட்டது. அதற்கப்புறம் அவன் அந்த வீட்டில் சாப்பிடவே பல வாரம் ஆனது. உங்கள் தட்டுக்கு அந்தக் கதி வரவேண்டாம்.

அவன் வரவே மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். எந்த மாதத்திலிருந்து தூக்கம் கெட்டது, எப்போது நண்பர்களை விட்டு ஒதுங்கினான், என்ன சொல்கிறான் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்றும் விசாரியுங்கள். நடு ராத்திரியானாலும் 14416-க்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சாகச் சொல்லிக் குரல் கேட்கிறது என்றாலோ, யாரையாவது அடிக்கக் கிளம்பினாலோ, தண்ணீரையும் மறுத்தாலோ 108-ஐ அழையுங்கள். இப்படி உயிருக்கு ஆபத்தான நிலையில், அவன் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அவன் சார்பில் வீட்டார் கேட்டு உள்நோயாளியாகச் சேர்க்கச் சட்டம் சில நிபந்தனைகளோடு வழி வைத்திருக்கிறது. இன்னொன்று, தோட்டத்துக்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மருந்து ஆரம்பித்ததும் முதலில் தூக்கம் வரும். குரல்களும் சந்தேகமும் அடங்கச் சில வாரம் பிடிக்கும். முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே செருகினாலோ பயப்படாதீர்கள். இளம் பையன்களுக்குச் சில மருந்துகளால் அப்படி ஆவதுண்டு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு ஊசியில் சரியாகிவிடும். இது தெரியாமல்தான் பல வீடுகளில் மாத்திரையையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஓலன்சபின் போன்ற மருந்தில் பசியும் எடையும் கூடும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள், டாக்டர் சொல்லும்போது சர்க்கரையும் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது. முதல் தடவை வந்தவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சையில் தேறிவிடுகிறார்கள். தேறிய பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் மருந்து தொடர வேண்டியிருக்கும்.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படிக்கலாம். சிகிச்சைச் சான்றிதழ் வைத்து ஒரு செமஸ்டர் விடுப்புக் கேளுங்கள், அதற்குள் அரியர் பேச்சை எடுக்காதீர்கள். எழுந்திருக்கிற நேரம், குளியல், மாலையில் ஒரு நடை இவை திரும்பி வரட்டும், அப்புறம் ஒரு பேப்பர் எழுதட்டும். வீட்டில் ஏச்சும் குத்தலும் ஓயாமல் இருந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடும். அப்பாவையும் ஒருமுறை என் போன்ற ஒரு டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள். அவர் கோபத்துக்கு அடியில் இருப்பது பயம்தான்.

போகிற அன்றைக்கு விடிகாலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கி முறை வர நேரமாகும், கூட்டத்தில் அவன் மிரளுவான். ஓரமாக, சுவர்ப் பக்கம் உட்கார வையுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். முதல் வாய் நீங்களே சாப்பிடுங்கள்.