வெங்காயத் தோலும் கன்னக் கலமும்: நுணுக்குக்காட்டிக் கேள்விகளுக்குப் பதில்

தாவரக் கலத்தையும் (செல்லையும்) விலங்குக் கலத்தையும் நுணுக்குக்காட்டியில் ஒப்பிடும் செய்முறை பற்றி, அதாவது வெங்காயத் தோலையும் கன்னத்தின் உட்புறத்தில் தடவி எடுத்த கலத்தையும் பார்ப்பது பற்றி, மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உயிரியல் படிப்பிக்கிறவள் என்ற உரிமையில் எல்லாருக்கும் முதலே ஒன்று: கண்ணால் கண்டதை மட்டும் வரையுங்கள். புத்தகத்தில் இருக்கும் கலம் பலவகைக் கலங்களில் பலவிதமாகப் பார்த்ததை ஒன்றுசேர்த்து வரைந்தது. அது அப்படியே எந்த வழுக்கியிலும் (பார்க்கும் பொருளை வைக்கும் கண்ணாடித் தகட்டிலும்) கிடைக்காது.

கேள்வி (தரம் 10 மாணவி, களுவாஞ்சிக்குடி): டீச்சர், வெங்காயத் தோல்ல பச்சையுருமணி ஒண்டுமே தெரியல்ல. புத்தகத்தில இருக்கு எண்டு நானாகக் கீறினன். பிழை எண்டு வெட்டிட்டாங்க. தாவரக் கலத்தில அது இருக்கத்தானே வேணும்?

வெட்டினது சரிதான் மகள். நாம் சாப்பிடும் வெங்காயம் மண்ணோடு கிடந்து உணவைச் சேமிக்கிற பகுதி. அதன் உள்ளிதழ்களில் வெளிச்சம் படுவதில்லை, வெளிச்சத்தைக் கொண்டு உணவு செய்யும் ஒளித்தொகுப்பு நடப்பதில்லை, அதைச் செய்யும் பச்சை மணிகளான பச்சையுருமணியும் இல்லை. வேரை எடுத்தாலும் அப்படித்தான். கலச்சுவரும் நடுவில் சாறு நிறைந்த பெரிய பையான புன்வெற்றிடமும் இருப்பதால்தான் அதைத் தாவரக் கலம் என்கிறோம்.

பச்சையுருமணியைப் பார்க்க ஆசையென்றால் குளத்திலோ வாய்க்காலிலோ ஐதரில்லா என்ற நீர்த்தாவரத்தைத் தேடுங்கள். அதன் இலை பெரும்பாலும் இரண்டு கல அடுக்குத்தான், சீவத் தேவையில்லை. ஒரு இளம் இலையைத் துளி தண்ணீரில் அப்படியே வைத்து 400 மடங்கில் நடுநரம்போரக் கலங்களைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பாருங்கள். பச்சை மணிகள் சுவரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக நகரும். கலத்துக்குள் இருக்கும் கூழ்போன்ற குழியவுரு ஓடுவதால் அவையும் கூடவே ஓடுகின்றன. அதைக் கண்ட பிள்ளை லேசில் கண்ணை எடுக்காது.

கேள்வி (தரம் 11 மாணவன், சம்மாந்துறை): கன்னக் கலம் எவ்வளவு தேடியும் கிடைக்கல்ல டீச்சர். வெறும் வெள்ளையாத்தான் இருக்கு. கறுப்புக் கரை போட்ட வட்டங்கள் மட்டும் தெரியுது. அதுதானா?

இல்லை மகன், அவை காற்றுக் குமிழ்கள். தடித்த கறுப்பு விளிம்பு, நடுவில் ஒன்றுமில்லாத பளிச்சென்ற வெளிச்சம், சுத்தமான வட்டம் என்றால் குமிழ்தான். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான மூடித்துண்டைத் தொப்பென்று போட்டால் குமிழ் வரும். ஒரு விளிம்பைத் துளியில் முட்டவிட்டு ஊசியால் தாங்கி மெல்லச் சாய்க்க வேண்டும்.

கன்னக் கலம் நிறமற்றது, மிக மெல்லியது. மெதிலீன் நீலம் என்ற சாயம் ஒரு துளி விட்டு ஓரிரு நிமிடம் விட்டால்தான் கரு கருநீலப் புள்ளியாக எழும்பி நிற்கும். மேடைக்குக் கீழேயுள்ள துவாரத்தைச் சுருக்கி வெளிச்சத்தைக் குறைக்கவும் வேண்டும். கூடிய வெளிச்சத்தில் கலத்தின் ஓரம் கரைந்து போகும். எடுத்த எடுப்பில் 40 பொருள்வில்லைக்கு (வழுக்கிக்குக் கிட்ட இருக்கும் வில்லைக்கு) போகாதீர்கள். 4 இல் நீலக் கறையைத் தேடி, 10 இல் தனியாகக் கிடக்கும் கலத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு 40. கலம் ஒழுங்கில்லாத உருவமாக, ஓரம் மடிந்தும் கிடக்கும். அந்த மடிப்பையும் வரையுங்கள். சுவர் இல்லாததால்தான் அது மடிகிறது. வெங்காயக் கலங்களோ செங்கல் அடுக்கினது போல நிற்கும்.

கேள்வி (ஒரு தாய், கல்முனை): வாயைச் சுரண்டுறதால பிள்ளைக்கு ஏதும் நோய் வருமா?

சுத்தமான கொட்டன் பட்டால் மெல்லத் தடவினால் ஒன்றும் ஆகாது. பிளேட், ஊசி வேண்டவே வேண்டாம். அவரவர் வாய், அவரவர் குச்சி. பாவித்த குச்சியையும் வழுக்கியையும் வெளிற்றும் தூள் கரைசலில் போட வேண்டும்.

கேள்வி (உயர்தர மாணவன், திருக்கோவில்): கலச்சுவர், முதலுரு மென்சவ்வு ரெண்டையும் குறிக்கச் சொல்றாங்க. எனக்குத் தெரியிறது ஒரு கோடு மட்டும். எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

நல்ல கேள்வி தம்பி. தண்ணீரில் வைத்த கலத்தில், குழியவுருவைச் சுற்றியுள்ள மெல்லிய படலமான மென்சவ்வு சுவரோடு அழுந்திக் கிடப்பதால் பிரித்துக் காண முடியாது. 1665 இல் ஆங்கிலேய விஞ்ஞானி றொபேட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டதும் செத்த கலங்களின் சுவர்களைத்தான்.

பிரித்துக் காட்டுகிற சாமான் நம் கரையிலேயே இருக்கிறது: கடல்தண்ணீர். அதில் லீற்றருக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு. வாவித் தண்ணீரை நம்ப வேண்டாம், மாரி மழையோடு அதன் உவர்ப்புக் குறைந்துவிடும். ஊதாநிறப் பம்பாய் வெங்காயத்தின் சதையிதழில் வெளிப்பக்கத்து நிறத்தோலை மெல்லியதாக உரித்து, முதலில் நல்ல தண்ணீரில் பாருங்கள். ஊதா மூலைவரை நிரம்பி இருக்கும். மூடித்துண்டின் ஒரு பக்கம் கடல்தண்ணீர் ஒரு துளி விட்டு, மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். வெளியே உப்புக் கூடுவதால் கலத்திலிருந்து தண்ணீர் வெளியேறி, சில நிமிடங்களில் ஊதா மூலைகளை விட்டு விலகி, உள்ளே ஒதுங்கித் திரளும். சுவர் அசையாமல் நிற்கும்.

ஊதா நிறம் புன்வெற்றிடச் சாற்றில் இருப்பது. அதைச் சுற்றி மெல்லிய குழியவுருப் படை உண்டு. அந்தப் படையின் வெளி ஓரமே நீங்கள் தேடிய மென்சவ்வு. சுவருக்கும் அதற்கும் இடையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் வெற்றிடம் என்று எழுதிவிடாதீர்கள். கடல்தண்ணீர்தான், சுவர் அதைத் தடுக்காது. உடனே நல்ல தண்ணீரைச் செலுத்தினால் பெரும்பாலான கலங்கள் பழையபடி நிரம்பும்.

கேள்வி (விவசாயி, நிந்தவூர்): அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். இந்த உப்புத்தண்ணிச் சோதனையப் பத்தி மகள் சொன்னா. உப்பு ஏறின வயல்ல நெல்லு வாடுறதும் இதேதானா?

வஅலைக்கும் ஸலாம் காக்கா. தொடக்கம் ஒன்றுதான். வேருக்கு வெளியே உப்புக் கூடினால் கலத்துக்குள் தண்ணீர் வருவது கஷ்டம். வயலில் தண்ணீர் நின்றும் பயிர் தாகத்தோடு நிற்கும். ஆனால் வயலில் இன்னொன்றும் நடக்கிறது. சோடியமும் குளோரைட்டும் நாளாக ஆக இலைக்குள் சேர்ந்து நஞ்சாகின்றன, இலைநுனி கருகும், அது மீளாது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உப்பைத் தாங்காது. 2004 சுனாமியோடு நம் கரையோர வயல்களிலும் கிணறுகளிலும் உப்பு ஏறியதை நீங்களே கண்டிருப்பீர்கள். நல்ல தண்ணீரைக் கட்டி வடியவிட்டு உப்பைக் கழுவுவதுதான் வழி.

கேள்வி (தரம் 10 மாணவன், வாழைச்சேனை): தாவரக் கலம் எப்பவும் விலங்குக் கலத்தை விடப் பெரிசா?

எப்போதும் இல்லை. கோழிமுட்டையின் மஞ்சட்கரு, கருக்கட்டாத முட்டையில், ஒரே கலம்! ஆனால் உங்கள் இரண்டு வழுக்கிகளில் வித்தியாசம் பெரிது. அளந்தே பாருங்கள். ஒளி ஊடுருவும் அடிமட்டத்தை மேடையில் வைத்து, 40 மடங்கில் (4 பொருள்வில்லை, 10 பார்வைத்துண்டு) கண்ணுக்குத் தெரியும் வெளிச்ச வட்டத்தின் அகலத்தை எடுங்கள். 4.5 மில்லிமீற்றர் என்று வைத்தால், 100 மடங்கில் உருப்பெருக்கம் இரண்டரை மடங்கு கூடுவதால் வட்டம் 1.8 ஆகச் சுருங்கும். அந்த வட்டத்துக்குக் குறுக்கே 6 வெங்காயக் கலங்கள் நீளவாக்கில் கிடந்தால் ஒன்று 0.3 மில்லிமீற்றர். கன்னக் கலம் ஏறத்தாழ 0.06 தான் வரும்.

கேள்வி (விஞ்ஞான ஆசிரியை, கொக்கட்டிச்சோலைப் பக்கம்): 40 பிள்ளைகளுக்கு ஒரு நுணுக்குக்காட்டி. எப்படிச் சமாளிக்கலாம் மிஸ்?

கண் வைக்கும் பார்வைத்துண்டின் மேல் போன் கமராவை நேராகப் பிடித்து, திரையில் எல்லாருக்கும் காட்டுங்கள் தங்கச்சி. வரைவதற்கு மட்டும் ஒவ்வொரு பிள்ளையாகக் கண் வைக்கட்டும், படத்தைப் பார்த்து வரைய விடவேண்டாம். சின்னத் திருகைத் தானே திருப்பிக் கூர்மையாக்குவதும் செய்முறையின் பாதி. கடல்தண்ணீர்ச் சோதனை செய்த அன்று, மேடையையும் 40 பொருள்வில்லையின் நுனியையும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த வில்லைத்தாளால் உடனே துடைத்து உலர்த்துங்கள். மாரியில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடாவிட்டால் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும்.