அமெரிக்கப் பழமைவாதிகளின் மாற்றுக் கருத்துகள்: எது நிற்கும், எது விழும்? கேள்வி பதில்

கேள்வி: பழமைவாதம் என்றாலே அறிவியலுக்கு எதிரானது என்று என் அலுவலக நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அப்படித்தானா சார்?

இல்லை. அதன் வேர் வேறு. நாட்டுக்கே ஒரு மேசையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் மேல் உள்ள சந்தேகம்தான் அந்த வேர். 1790இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்துக் கேட்டதும் இதைத்தான்: தலைமுறை தலைமுறையாக நின்ற ஏற்பாட்டை ஒரே நாளில் இடித்தால், அது எதையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தது என்பது விழுந்த பிறகுதானே தெரியும்? 1945இல் பொருளியலாளர் ஹாயெக் இன்னொரு பக்கத்திலிருந்து சொன்னார்: பொருளாதாரத்துக்குத் தேவையான விவரம் கோடிக்கணக்கான மனிதரிடம் சிதறிக் கிடக்கிறது, தலைநகரில் இருக்கும் யாரும் அதை முழுதாகத் திரட்ட முடியாது.

இரண்டும் கனமான கேள்விகள். ஆனால் கேள்வி கனமானது என்பதற்காக, அதன் பெயரில் வருகிற எல்லாத் தகவலும் உண்மையாகிவிடாது. எதிர்க்குரல் என்பதாலேயே பொய்யும் ஆகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக உரசிப் பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: யூட்டா மாநிலத்தில், பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பதை 2025இல் தடை செய்துவிட்டார்கள். குழந்தைகளின் ஐ.க்யூ. குறையும் என்கிறார்களே? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

இதில் அளவுதான் எல்லாம். மூன்று எண்களை மனதில் வையுங்கள். அமெரிக்காவில் குடிநீரில் சேர்க்கப் பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். பொதுக் குடிநீருக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் உச்சவரம்பு 4 மில்லிகிராம். தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் சொன்ன எண் 1.5. அதற்கு மேல் போகும்போது குழந்தைகளின் ஐ.க்யூ. குறைவதோடு தொடர்பு இருப்பதாக 'மிதமான உறுதியுடன்' சொன்னார்கள். அந்த ஆய்வுகள் சீனா, இந்தியா, ஈரான் போன்ற நாடுகளில் நடந்தவை. 0.7 அளவில் பாதிப்பு உண்டா என்று முடிவு சொல்லத் தரவு போதாது என்றும் அதே அறிக்கை சொன்னது. 'ஃபுளோரைடு மூளையைக் கெடுக்கும்' என்று பரவும் காணொளிகளில் இந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிவிடுகிறார்கள்.

ஆக, எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் எது? 4 மில்லிகிராம் வரம்பு தளர்வானது என்பது ஒன்று. பலன் முன்பு போல் இல்லை என்பது இன்னொன்று. 1945இல் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸில் ஆரம்பித்தபோது ஃபுளோரைடு பற்பசை கடைகளில் கிடையாது. இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 1975க்குப் பிந்தைய ஆய்வுகளைத் திரட்டிய 2024 மதிப்பாய்வில், குழந்தைக்குச் சராசரியாகக் கால் பல் அளவுக்குத்தான் சொத்தை குறைகிறது. ஆனாலும் பலன் பூஜ்யம் ஆகிவிடவில்லை. கனடாவின் கால்கரி நகரம் 2011இல் நிறுத்தியது. ஏழெட்டு வருடம் கழித்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது கால்கரியில் 64.8 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல். தொடர்ந்து கலந்துவந்த எட்மண்டனில் 55.1. கால்கரி மக்கள் 2021இல் மறுபடி கலக்க வாக்களித்தார்கள், 2025இல் அது திரும்ப வந்தது.

உங்கள் குழந்தைக்கு வருவோம். உள்ளூர்க் குடிநீர் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூலை 1க்குள் தரும் தர அறிக்கையில் ஃபுளோரைடு அளவு இருக்கும், பாருங்கள். சொந்தக் கிணறு என்றால் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும், இயற்கையாகவே 1.5ஐத் தாண்டும் கிணறுகள் உண்டு. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். சாதாரண கார்பன் வடிகட்டிக் குடுவையும் உதவாது, ஆர்.ஓ. வேண்டும். பற்பசை மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. குழாய்த் தண்ணீரைத் தவிர்த்துவிட்டு, பற்பசையை விரல் நீளத்துக்குப் பிதுக்கி விழுங்க விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிற தவறு.

என் கணிப்பு: ஐ.க்யூ. வாதத்தைவிட, 'பொதுக்குழாயில் மருந்துபோல ஒன்றைச் சேர்க்கும் முன் ஊர் மக்களைக் கேட்க வேண்டாமா' என்ற வாதம்தான் நேர்மையாக நிற்கிறது.

கேள்வி: தடுப்பூசிக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் இறந்ததாக அரசின் வேயர்ஸ் தளத்திலேயே இருக்கிறதாமே. அரசே ஒப்புக்கொண்டதுதானே அண்ணா?

வேயர்ஸ், தடுப்பூசிக்குப் பிறகு வந்த உடல்நலக் கோளாறுகளைப் பதியும் ஒரு புகார்ப் பெட்டி. 1990 முதல் இயங்குகிறது. மருத்துவர், நோயாளி, உறவினர் என்று யார் வேண்டுமானாலும் பதியலாம். ஊசியால்தான் நடந்தது என்று பதியும்போது நிரூபிக்கத் தேவையில்லை.

ஒரு கணக்குப் போடுங்கள். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுக்கு நூறில் ஏறத்தாழ 4 பேர் இறக்கிறார்கள். பத்து லட்சம் முதியவர்களுக்கு ஊசிக்குப் பதில் வெறும் தண்ணீரைப் போட்டாலும் அடுத்த ஏழு நாளில் சுமார் 770 பேர் இறப்பார்கள். எனவே 'ஊசிக்குப் பின் இத்தனை மரணம்' என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. ஊசி இல்லாமலே எதிர்பார்க்கும் எண்ணைவிட அது கூடுதலா என்பதுதான் கேள்வி.

அதே சமயம் இந்தத் தளத்தைக் குப்பை என்று ஒதுக்குவதும் தப்பு. 1998இல் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு என்ற, வாய்வழி கொடுக்கும் ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தைப் பெற்ற கைக்குழந்தைகளில் 15 பேருக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டதாக 1999 ஜூலைக்குள் வேயர்ஸில் பதிவானது. உடனே நிறுத்தி ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தது. அந்த அக்டோபரிலேயே மருந்து திரும்பப் பெறப்பட்டது. கோவிட் எம்.ஆர்.என்.ஏ. ஊசியால் இளைஞர்களுக்கு அரிதாக வந்த இதயத்தசை அழற்சியும் வெளியே வந்தது. 2021 ஜூனில் எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தார்கள். வேயர்ஸ் சொல்வதைச் சந்தேகத்தின் தொடக்கமாக எடுக்கலாம், தீர்ப்பாக எடுக்கக் கூடாது.

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். பத்து மாதக் குழந்தை. எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) போட்டால் ஆட்டிசம் வரும், வைட்டமின் ஏ கொடுத்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டம்மா.

ஆட்டிசம் கதை 1998இல் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. 2010இல் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பார்த்தார்கள், தொடர்பு இல்லை. முதல் ஊசி 12 முதல் 15 மாதத்தில், இரண்டாவது 4 முதல் 6 வயதில். உங்கள் பகுதியில் தட்டம்மை பரவினால் 6 மாதத்திலிருந்தே ஒரு முன்கூட்டிய ஊசி போடுவார்கள், அது அந்த இரண்டின் கணக்கில் சேராது. உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். வைட்டமின் ஏ தட்டம்மையைத் தடுக்காது. 2025 பரவலின்போது டெக்சஸில் அதை அளவுக்கு மீறிக் கொடுத்ததால் கல்லீரல் பாதிப்பு அறிகுறியோடு குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்தப் பரவலில் ஊசி போடாத இரண்டு பிள்ளைகள் இறந்தும் போனார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: முகக்கவசம் பயனில்லை என்று காக்ரேன் ஆய்வே சொல்லிவிட்டதே?

2023 ஜனவரி மதிப்பாய்வைச் சொல்கிறீர்கள். முகக்கவசம், கைகழுவுதல் போன்றவை பற்றிய 78 சோதனைகளின் தொகுப்பு. முகக்கவசச் சோதனைகளில் பல அளந்தது, 'முகக்கவசம் அணியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தால் தொற்று குறைகிறதா' என்பதை. வாங்கியவர் எத்தனை பேர் ஒழுங்காக அணிந்தார்? பல சோதனைகளில் குறைவுதான். அதனால் கிடைத்த விடை 'தெளிவில்லை'. 'பயனில்லை' என்று திரிப்பது சரியல்ல என்று காக்ரேனின் தலைமை ஆசிரியரே மார்ச்சில் விளக்கினார்.

ஆனால் பழமைவாதிகளின் வாதத்தில் ஒரு துண்டு நிற்கிறது. சோதனை பார்த்தது அரசின் கட்டளையைப் போன்ற ஒன்றைத்தானே? அந்தக் கட்டளைக்குப் பெரிய பலன் இருந்தால் தெரிந்திருக்க வேண்டும். முகத்தோடு படியும் என்-95 ஒருவரைக் காக்கும் என்பதும், எல்லோர் மேலும் போட்ட உத்தரவு ஊரைக் காத்ததா என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கும் அணிவிக்க அமெரிக்கா சொன்னது. ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம்.

கேள்வி: பள்ளிகளை மூடியது தவறு என்று அன்றே சொன்னவர்களைக் கேலி செய்தார்கள். இப்போது?

பள்ளி விஷயத்தில் அவர்கள் பக்கம் எண்கள் நிற்கின்றன. தேசியத் தேர்வில் 2020க்கும் 2022க்கும் இடையில் ஒன்பது வயதுக் குழந்தைகள் வாசிப்பில் 5 புள்ளி, கணக்கில் 7 புள்ளி சரிந்தார்கள். நீண்ட காலம் வீட்டிலிருந்து படித்த ஏழை மாவட்டங்களில் அடி அதிகம்.

ஊரடங்கை எதிர்த்துச் சில விஞ்ஞானிகள் 2020 அக்டோபரில் வெளியிட்ட கிரேட் பாரிங்டன் பிரகடனம் முழுவதும் சரி என்று சொல்ல மாட்டேன். முதியவர்களை மட்டும் பாதுகாத்து மற்றவர்களை நடமாட விடுவது அதன் திட்டம். பாட்டியும் பேரனும் ஒரே அறையில் தூங்கும் வீட்டில் அதை எப்படிச் செய்வது என்பதற்கு அதில் நடைமுறைக்கு உதவும் விடை இல்லை. இரண்டே மாதத்தில் தடுப்பூசியும் வந்தது. காத்திருந்ததால் பிழைத்த உயிர்கள் உண்டு.

கேள்வி: கோவிடைக் குணமாக்கும் என்று சொன்ன மலேரியா மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயினை வேண்டுமென்றே அமுக்கிவிட்டார்கள் என்பது?

பிரிட்டனின் ரெக்கவரி சோதனையில் அந்த மருந்து பெற்ற நோயாளிகளில் 28 நாளில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 25 சதவீதம். அமுக்க எதுவும் இருக்கவில்லை.

கேள்வி: குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை போகும் என்கிறார்கள் இவர்கள், வறுமை குறையும் என்கிறார்கள் அவர்கள். யாரை நம்ப?

இருவரும் ஒரே அறிக்கையைப் பாதி பாதியாகக் கிழித்து வைத்திருக்கிறார்கள். மணிக்கு 15 டாலர் என்ற திட்டம் பற்றிக் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் 2021 பிப்ரவரியில் கணித்தது: 14 லட்சம் வேலைகள் குறையும், 9 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீள்வார்கள். வேலை போகிறவரும் கூலி உயர்கிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். எது பெரிது என்பது உங்கள் மனசாட்சி சம்பந்தப்பட்டது. இடமும் முக்கியம்: வாடகை உயர்ந்த சியாட்டிலில் தாங்கும் கூலி, மிசிசிப்பியின் சிற்றூர்க் கடைக்குத் தாங்காது. தலைநகரிலிருந்து ஒரே எண்ணைத் திணிக்காதே என்று ஹாயெக் வழி வந்தவர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன்.

கேள்வி: வாக்காளர் அடையாள அட்டை, 2020 தேர்தல் மோசடி, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சேர்க்கவே கூடாது. கடுமையான அட்டைச் சட்டங்களை 2008 முதல் 2018 வரை ஆராய்ந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில் வாக்குப்பதிவு குறையவில்லை என்று வந்தது. அட்டை கேட்டால் ஏழைகள் வாக்குரிமை இழப்பார்கள் என்ற பொதுக்கருத்துக்கு அது அடி. அதே ஆய்வில் மோசடி குறைந்ததற்கும் தடயம் இல்லை, அது மறு பக்கத்துக்கு அடி.

2020 விஷயம் தெளிவு. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தோற்றன. ஜார்ஜியாவில் கையால் எண்ணியும் முடிவு மாறவில்லை. அரிசோனாவின் மாரிகோபா மாவட்டத்தில் குடியரசுக் கட்சி செனட்டர்களே ஏற்பாடு செய்த மறுஎண்ணிக்கையில் பைடனுக்கு 99 வாக்கு கூடியது, டிரம்புக்கு 261 குறைந்தது.

கேள்வி: கலாச்சார விஷயத்தில் அவர்கள் சரியென்று நிரூபணமானது ஏதாவது உண்டா?

உண்டு, வாசிப்புப் பாடம். எழுத்தின் ஒலியைச் சேர்த்துப் படிக்கும் ஃபோனிக்ஸ் முறைக்காகப் பல பத்தாண்டுகள் வாதாடியவர்களில் பழமைவாதிகள் முன்னால் நின்றார்கள். பல பள்ளிகளிலோ படத்தையும் சூழலையும் வைத்து ஊகிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். குதிரைப் படத்துக்குக் கீழே 'ஹார்ஸ்' என்று எழுதியிருக்கும், பிள்ளை 'போனி' என்று வாசிக்கும், பொருள் வந்துவிட்டதென்று ஆசிரியர் விட்டுவிடுவார். படம் இல்லாத பக்கம் வரும்போது அந்தப் பிள்ளை திணறும்.

2013இல் மிசிசிப்பி சட்டம் போட்டது: ஆசிரியர்களுக்கு ஃபோனிக்ஸ் பயிற்சி, பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள், மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாவிட்டால் அதே வகுப்பு. நான்காம் வகுப்பு வாசிப்பில் 49வது இடத்திலிருந்த மாநிலம் 2024இல் 9வது இடத்துக்கு வந்தது. தேர்ச்சி பெறாதவரை மூன்றிலேயே நிறுத்துவதால் நான்காம் வகுப்பு மதிப்பெண் கொஞ்சம் உயர்ந்து தெரியும் என்ற விமர்சனமும் நியாயமே. பயிற்சியை விட்டுவிட்டு, நிறுத்திவைப்பதை மட்டும் பின்பற்றும் மாநிலத்துக்கு இந்தப் பலன் கிடைக்காது.

கேள்வி: கருக்கலைப்பு பற்றி மச்சானோடு பேசினாலே சண்டை. புள்ளிவிவரம் எதைக் காட்டலாம்?

எதையும் காட்டாதீர்கள். கருவுக்கு எப்போது உயிருக்குரிய உரிமை வருகிறது என்பதை எந்த அட்டவணையும் தீர்க்காது. பேச வேண்டுமானால் 'யார் முடிவு செய்வது' என்பதைப் பேசலாம். கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய 1973 தீர்ப்பை 2022 ஜூன் 24இல் உச்ச நீதிமன்றம் நீக்கி, முடிவை மாநிலங்களிடம் விட்டது. கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் கூட, 1973 தீர்ப்பு ஒரேயடியாக வெகுதூரம் போய்விட்டதாக விமர்சித்தவர். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே கன்சாஸ் போன்ற பழமைவாத மாநிலத்தில் ஏறத்தாழ 59 சதவீத வாக்காளர்கள் கருக்கலைப்பு உரிமையைக் காப்பாற்றினார்கள். இந்த இரண்டையும் முன்வைத்தால் மச்சானுக்கும் யோசிக்க இடம் இருக்கும், உங்களுக்கும்.

கேள்வி: காய்ச்சாத பால் குடிப்பது உரிமை என்கிறார்கள். குடிக்கலாமா?

உரிமை பற்றி மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. மாநில எல்லை தாண்டி விற்க 1987 முதல் தடை. உடம்பைப் பொறுத்தவரை, ஈ.கோலை, லிஸ்டீரியா, சால்மொனெல்லா எதற்கும் மணமோ சுவையோ கிடையாது. பசு சுத்தமாக இருந்தாலும் மடியிலிருந்தும் சாணத்திலிருந்தும் கலக்கும். கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, முதியவர் தொடவே வேண்டாம். பண்ணைப் பாலே வேண்டும் என்றால் வாங்கி வந்து, வெப்பமானியை விட்டுக் கிளறிக்கொண்டே 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ வைத்து, உடனே பனிக்கட்டி நீரில் பாத்திரத்தை இறக்கிக் குளிர வையுங்கள்.