அம்மை வந்தால் யாரிடம் போவது, என்ன செய்வது: கேள்வி பதில்

நான் பொது மருத்துவர். சின்னம்மை பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "என்ன மருந்து?" என்றுதான் தொடங்குகின்றன. அம்மை என்று யார் போன் செய்தாலும், வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கேள்வி: மகனுக்கு ஐந்து வயது. நேற்று மார்பில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள், இன்று முதுகெல்லாம். கொசுக்கடியா, அம்மையா?

சட்டை மூடிய இடத்தில் கொசு இவ்வளவு கடிக்காது. தலைமுடியை விலக்கிப் பாருங்கள், வாய்க்குள்ளும் பாருங்கள். அம்மை அங்கேயும் வரும். இன்னொரு அடையாளம்: ஒரே இடத்தில் புதுப் புள்ளி, நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு என மூன்றும் கலந்து இருக்கும். அலை அலையாக மூன்று நான்கு நாள் புதிதாக வந்துகொண்டே இருப்பதால் இப்படி. 10 முதல் 21 நாளுக்கு முன்னால் அம்மை வந்த யாருடனாவது இருந்தானா என்றும் யோசியுங்கள். தடுப்பூசி போட்ட பிள்ளையாக இருந்தால் படம் மாறும். கொப்புளமே இல்லாமல் வெறும் புள்ளிகளாக, எண்ணிக்கையிலும் குறைவாக வந்து போய்விடும்.

கேள்வி: இந்த ஊருக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. யாரையும் தெரியாது. தோல் மருத்துவரா, குழந்தை மருத்துவரா, யாரைத் தேடுவது?

பிள்ளைக்குக் குழந்தைகள் நல மருத்துவர், பெரியவர்களுக்குப் பொது மருத்துவர். அம்மைக்கு அது போதும். அம்மைதானா என்றே சந்தேகமாக இருந்தால், அல்லது ஏற்கெனவே கரப்பான் மாதிரி தோல் நோய் இருந்தால், தோல் மருத்துவர் உதவுவார்.

ஆனால் யாராக இருந்தாலும் நேரே கிளம்பிப் போய்விடாதீர்கள். முதலில் போன். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், "ஏதோ அலர்ஜி" என்று அழைத்து வந்த ஒரு பிள்ளையைக் கூட்டத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டோம். அம்மை என்று தெரிந்த பிறகு, அன்று அந்த அறையில் இருந்தவர்களையெல்லாம் தேடித் தேடிப் போன் செய்தோம். அவர்களில் ஒருவர் ஆறு மாதக் கர்ப்பிணி. இந்த வைரஸ் காற்றிலேயே பரவும். ஒரே வீட்டில் பாதுகாப்பில்லாத பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேருக்குக்கூட வரலாம்.

போனில் சொல்ல வேண்டியது: வயது, எடை, முதல் புள்ளி என்றைக்கு எத்தனை மணிக்குத் தெரிந்தது, காய்ச்சல் எவ்வளவு, வேறு நோய், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்து வையுங்கள், ஒன்று தள்ளி நின்று, ஒன்று கிட்டத்தில். பல நேரம் படத்தையும் பேச்சையும் வைத்தே முடிவு சொல்லிவிட முடியும்.

நல்ல இடமா என்று அறிய, அவர்கள் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். "கடைசி ஆளாக வாருங்கள்", "பக்கத்து வாசல் வழியாக வாருங்கள்", "வண்டியிலேயே இருங்கள், நான் வந்து பார்க்கிறேன்" என்றால் விஷயம் தெரிந்தவர்கள். அம்மை என்று சொன்ன பிறகும் "வந்து வரிசையில் உட்காருங்கள்" என்றால் நான் வேறு எண்ணைத் தேடுவேன். அக்கம்பக்கத்துப் பெற்றோரிடமும் மருந்துக் கடையிலும் பெயர் கேட்கலாம். பதிவு பெற்ற மருத்துவரா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு மருந்தே இல்லாமல் சரியாகிவிட்டது. இப்போது கணவருக்கு, வயது 36. அவரும் சும்மா இருக்கலாமா?

இருக்க வேண்டாம், இன்றே மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். ஆரோக்கியமான சின்னப் பிள்ளைக்கு அம்மை தானாகவே அடங்கும். பெரியவர்களுக்குக் கடுமையாக வரும், நுரையீரலில் நிமோனியா வரை போகலாம். புகைப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அசைக்ளோவிர் என்ற மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும், ஆனால் முதல் புள்ளி வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். அதனால் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். மாத்திரை எடுக்கும் நாட்களில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும், வீட்டில் இரண்டாவதாக அம்மை கண்டவர்களுக்கும் இந்த மாத்திரையைப் பற்றிக் கேட்பது நல்லது. இரண்டாவதாக வருபவருக்கு ஏனோ கொஞ்சம் பலமாகவே வரும்.

கேள்வி: காய்ச்சலுக்கு நேற்று இபுப்ரோஃபென் கொடுத்துவிட்டேன். இப்போதுதான் கூடாது என்று படித்தேன். பயமாக இருக்கிறது.

ஒரு வேளை கொடுத்ததற்குப் பயப்பட வேண்டாம். இனி நிறுத்திவிடுங்கள். அம்மையின்போது அது தோலில் கடுமையான பாக்டீரியாத் தொற்றோடு தொடர்புபடுத்தப்படுகிறது. ஆஸ்பிரின் அதைவிட மோசம். பிள்ளைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறி வர அது காரணமாகலாம்.

பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆனால் "ஒரு ஸ்பூன்" என்று கணக்கு வைக்காதீர்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: குளிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பிள்ளையோ அரிப்பில் தூங்குவதே இல்லை.

தாராளமாகக் குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஊற்றிவிட்டு, துண்டால் ஒற்றி எடுங்கள். அழுக்குப் படிந்த தோலில் சொறிந்தால்தான் சீழ் பிடிக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கேலமைன் லோஷன் தடவலாம், கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம். இரவில் அரிப்பைக் குறைக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் சொல்வதில் ஒன்றை அப்படியே கேளுங்கள்: நோயாளியைத் தனியாக வைப்பது.

கேள்வி: நான் நான்கு மாதக் கர்ப்பிணி. அக்கா மகனோடு ஒரு நாள் முழுக்க இருந்தேன். மறுநாள் அவனுக்கு அம்மை. எனக்கு முன்பு வந்ததா என்று தெரியவில்லை.

புள்ளி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும் என்பதால் இதை நோயாளியோடு ஏற்பட்ட தொடர்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மகப்பேறு மருத்துவருக்கு இப்போதே போன் செய்யுங்கள், நாளை வேண்டாம். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வளர்ந்த பலருக்கு, அம்மை வந்த நினைவே இல்லாவிட்டாலும், இருக்கும். இல்லையென்றால், தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசி போடலாம். சில இடங்களில் ஆன்டிவைரல் மாத்திரை கொடுப்பார்கள். கர்ப்பத்தின் முற்பாதியில் அம்மை வந்தால் குழந்தையைப் பாதிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டு. சின்ன எண்தான், ஆனால் உங்களுக்கே நிமோனியா வரும் ஆபத்தும் இருக்கிறது. தடுப்பூசி உயிருள்ள வைரஸில் செய்தது, அதனால் கர்ப்பத்தில் போடக் கூடாது.

கேள்வி: தம்பிக்கு அம்மை. அக்காவுக்கு ஒன்பது வயது, தடுப்பூசி போட்டதில்லை. இனிமேல் போட்டு என்ன பயன்?

பயன் உண்டு. தொடர்பு ஏற்பட்ட மூன்று நாளுக்குள் போட்டால் வராமலே போகலாம், ஐந்து நாள் வரை போட்டால் வீரியமாவது குறையும். மொத்தம் இரண்டு தவணை. 1974இல் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகாஹாஷி உருவாக்கிய ஊசியின் வழிவந்ததுதான் இன்றும் போடப்படுகிறது. தன் மகன் அம்மையில் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அவர் அதில் இறங்கினார்.

கேள்வி: தாத்தாவுக்கு அக்கி. பேரனுக்கு ஒட்டுமா?

அக்கியாக ஒட்டாது, அம்மையாக ஒட்டும். இரண்டும் ஒரே வைரஸ்தான். அம்மை அடங்கிய பின் நரம்புகளில் பதுங்கியிருந்து பல வருடம் கழித்து எழுந்து வருவதுதான் அக்கி. கொப்புளம் காயும்வரை துணியால் மூடி வைக்கட்டும்.

கேள்வி: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மூச்சு வாங்கினால், கழுத்து விறைத்தால், எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டால், நடை தள்ளாடினால், விடாமல் வாந்தி எடுத்தால், கொப்புளத்தில் இரத்தம் கசிந்தால் யோசிக்க வேண்டாம். விட்ட காய்ச்சல் திரும்பி வந்து, ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாக வீங்கினாலும் அன்றே காட்டுங்கள். அங்கேதான் ஆன்டிபயாடிக் தேவைப்படும். வெறும் அம்மைக்கு அது வேலை செய்யாது. கிளம்பும்போதும் "அம்மை" என்று போனில் சொல்லிவிட்டே போங்கள்.

கேள்வி: பொருக்கு எல்லாம் உதிர்ந்தால்தான் பள்ளிக்கு அனுப்பலாமா?

தேவையில்லை. எல்லாக் கொப்புளமும் காய்ந்து, புதிதாக எதுவும் வராவிட்டால் போதும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். பொருக்கைப் பிய்க்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தழும்பு அதனால்தான் நிற்கும்.