புல்லைப் பிடுங்கி மீட்ட மைதானம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். சின்ன வயதில் கொடைக்கானலில் வேலியோரம் நின்று கோல்ஃப் மைதானத்தைப் பார்த்ததிலிருந்து அதன்மேல் ஓர் ஆசை. அதனால் என் திட்டப்பணிக்கு, மவுசு இழந்த ஒரு பழைய கோல்ஃப் மைதானத்தை மறுபடி வடிவமைப்பது என்று எடுத்துக்கொண்டேன். மைதானம் கற்பனைதான், பழனிமலைச் சரிவில் இருப்பதாக வைத்திருக்கிறேன். புது ஏரி, நூற்றுக்கணக்கில் மரங்கள், எங்கும் பச்சைப்புல் என்று வரைந்து முடித்த பிறகு, அமெரிக்காவில் பைன்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் புல்லைப் பிடுங்கிப் போட்டுத்தான் பழைய பெயரை மீட்டார்கள் என்று படித்தேன். குழம்பிப் போனேன். என் ஆசிரியரோ, "வறண்ட ஊர்க்காரனுக்குக் கோல்ஃப் எதுக்கு? ஒரு கண்மாயை எடுத்துச் செய்" என்கிறார். உங்கள் கருத்து என்ன?

செ., திருநகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் படித்தது உண்மைதான். வட கரோலினாவின் மணல் பூமியில் இருக்கிறது பைன்ஹர்ஸ்ட். அங்குள்ள இரண்டாம் எண் மைதானத்தை ஸ்காட்லாந்துக்காரரான டொனால்ட் ராஸ் வடிவமைத்து 1907-இல் திறந்தார்கள். அவர் அத்தோடு விடவில்லை. மைதானத்தை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டு, 1948-இல் இறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். பந்தை அடித்துக்கொண்டு போகும் அகலமான புல்பாதை (அதுதான் ஃபேர்வே), இருபுறமும் வெறும் மணல், அதில் தானாக முளைத்த கம்பிப்புல். இதுதான் ராஸின் மைதானம். அவருக்குப் பின் வந்தவர்கள் பச்சைதான் அழகு என்று நினைத்தார்கள். மணலெல்லாம் புல்லானது, ஃபேர்வே குறுகியது. அப்போதும் பெரிய போட்டிகள் வரத்தான் செய்தன, அமெரிக்காவின் பெரிய கோல்ஃப் போட்டியான யு.எஸ். ஓப்பன் 1999-லும் 2005-லும் அங்கேதான் நடந்தது. ஆனால் மற்ற எல்லா மைதானங்களையும் போல அதுவும் ஒன்று என்றாகிவிட்டது.

2010-இல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற மைதான வடிவமைப்பாளர்கள் இருவரையும் அழைத்து வேலையை ஒப்படைத்தார்கள். அவர்கள் புதிதாக எதையும் வரையவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1943-இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களைத் தேடிப் பிடித்தார்கள். மண்ணுக்கடியில் பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று ஓடியது. அந்தக் காலத்தில் ஃபேர்வேயின் நட்ட நடுவில் ஒற்றைக் குழாய்தான் போடுவார்கள். அதன் தடத்தைப் பிடித்தே, எந்த ஃபேர்வே எங்கே இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். சுமார் 35 ஏக்கர் புல் அகற்றப்பட்டது. தண்ணீர் தெளிக்கும் 1,150 ஸ்பிரிங்ளர்களில் சுமார் 450 மட்டும் மிஞ்சின. 2014-இல் ஆண்கள், பெண்கள் இரு யு.எஸ். ஓப்பனும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடந்தன. தொலைக்காட்சியில் பார்த்த சிலர் மைதானம் காய்ந்து கிடக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். 2024-இல் யு.எஸ். ஓப்பன் மறுபடி அங்கே வந்தது.

சரி, ஒரு மைதானம் எப்படிக் கெடுகிறது? பெரும்பாலும் யார் குற்றமும் இல்லை. பந்தை உருட்டிக் குழியில் போடும் மழமழப்பான புல்திட்டுதான் கிரீன். அங்கே புல் வெட்டும் ஆள், விளிம்பு சிதையக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் இம்மியளவு உள்ளே தள்ளி வெட்டுவார். அக்கறையோடுதான் செய்கிறார். முப்பது வருடத்தில் மூலைமுடுக்கெல்லாம் மறைந்து கிரீன் தோசைபோல வெறும் வட்டமாகிவிடும். பங்கர் என்கிற மணல் பள்ளத்திலிருந்து அடிக்கிற ஒவ்வொரு பந்தும் ஒரு பிடி மணலை வெளியே வாரி இறைக்கும், அதிலேயே கரை உயர்ந்துவிடும். யாரோ ஆசையாய் நட்ட கன்று வளர்ந்து, பந்து போக வேண்டிய வழியையும் புல்லுக்கு வேண்டிய வெயிலையும் மறைக்கும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் அருகே ஓக்மான்ட் மைதானத்தில் அப்படி வளர்ந்த மரங்களை, உறுப்பினர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து, விடிவதற்கு முன்பே வெட்டிச் சுவடில்லாமல் துடைத்திருக்கிறார்கள்.

உங்கள் ஆசிரியர் கண்மாய் என்றதும் எனக்குத் தெப்பக்குளம்தான் நினைவுக்கு வந்தது. பள்ளி நாட்களில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குள் நாங்கள் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். மைய மண்டபத்து மதிலில் பந்து பட்டால் நான்கு ரன். திருமலை நாயக்கர் 1645-இல் கட்டிய குளம், அதில் அப்போது கால் நனைக்கத் தண்ணீர் கிடையாது. தைப்பூசத்துக்கு நிலைத்தெப்பம் விட்ட வருடங்கள் உண்டு. தெப்பம் நின்ற இடத்திலேயே நிற்க, அம்மனும் சுவாமியும் அதில் எழுந்தருளியதைப் பார்த்து என் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதது ஞாபகம் இருக்கிறது. விளக்கு போட்டார்கள், சுற்றிலும் நடக்க வழி செய்தார்கள். எல்லாம் நல்லதுதான், ஆனால் குளம் குளமாகவில்லை. வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து தண்ணீரை விட்ட பிறகுதான் பழைய பெயர் திரும்பி வந்தது. அந்தக் கால்வாயைத் தேடிப் போனதுபோலத்தான் பைன்ஹர்ஸ்டில் குழாயைத் தேடிப் போயிருக்கிறார்கள். உங்கள் ஆசிரியர் சொல்வதும் நீங்கள் செய்ய நினைப்பதும் வேறு வேறு வேலை இல்லை. கோல்ஃபையே செய்யுங்கள்.

ஆனால் அந்த ஏரியை அழித்துவிடுங்கள். பழனிமலையின் மேல்சரிவு இயல்பிலேயே புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும் பைனும் வெள்ளைக்காரர் காலம் தொடங்கி நாம் கொண்டுபோய் நட்டவை. 1895-இல் கொடைக்கானலில் கோல்ஃப் கிளப் தொடங்கியவர்களுக்குப் புல் மூடிய சரிவு தயாராகவே கிடைத்தது. நீங்கள் வரைந்த நூற்றுக்கணக்கான மரங்கள் அந்த மலைக்கு அந்நியம் என்றுதான் சொல்வேன். சோலையைத் தொடாதீர்கள், ஓடையைத் திருப்பாதீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் 1900-இல் இருந்தபடியே உறைய வைக்கவும் வேண்டாம். இன்றைய பந்தும் மட்டையும் அன்றைக்குப் போல இல்லை, அடித்தால் வெகுதூரம் போகிறது. பைன்ஹர்ஸ்டிலும் முதல் அடி அடிக்கும் இடங்களான டீக்களைப் பின்னுக்குத் தள்ளி 7,500 கெஜத்துக்கு மேல் நீட்டித்தான் இருக்கிறார்கள். ராஸ் பங்கர் வைத்தது ஆட்டக்காரனை யோசிக்க வைக்க. அந்த யோசனை இன்றைக்கு எந்த இடத்தில் வரவேண்டும் என்று பார்ப்பது உங்கள் வேலை.

கற்பனை மைதானம் என்றாலும் அதற்கு ஒரு கடந்த காலத்தை எழுதுங்கள். எந்தப் பத்து வருடத்தில் யார் எதை நட்டார், கிரீன் எவ்வளவு சுருங்கியது, மழை விட்ட மறுநாள் தண்ணீர் எங்கே தேங்குகிறது. உண்மையான மைதானத்துக்குப் போனால் கிளப் செயலாளரைவிட, ஆட்டக்காரர்களின் மட்டைப் பையை வருடக்கணக்காகத் தூக்கும் கேடியையும் புல் வெட்டுபவரையும் முதலில் கேளுங்கள்.

அப்புறம், ஒரு ஞாயிறு காலை வரைபடத்தோடு தெப்பக்குளத்துக்கு வாருங்கள். கால்வாய்த் தண்ணீர் உள்ளே விழும் இடத்தைப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து பேசலாம்.