மகள் பைலட் ஆகட்டும். பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் எடுத்துத் தேறியிருக்கிறாள். பைலட் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு பயிற்சிப் பள்ளிகளில் விசாரித்தோம். முதல் பள்ளியில் 46 லட்சம். 10 விமானங்கள், 110 மாணவர்கள், 12 மாதத்தில் லைசென்ஸ் என்கிறார்கள். 15 நாளுக்குள் 30 லட்சம் கட்டினால் 3 லட்சம் தள்ளுபடியாம். இரண்டாவது பள்ளியில் 56 லட்சம். 7 விமானங்கள், 30 மாணவர்கள், 16 முதல் 18 மாதம் ஆகும் என்கிறார்கள். முதல் பள்ளிக்குத்தான் பெயரும் விளம்பரமும் அதிகம். வீட்டை வைத்து 40 லட்சம் கடன் வாங்கப் போகிறோம். எதில் சேர்ப்பது?
ஒரு தாய், ராஜபாளையம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்திலேயே விடைக்கான எண்கள் எல்லாம் இருக்கின்றன. நீங்கள் 46-ஐயும் 56-ஐயும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஒப்பிட வேண்டியது 110-ஐயும் 30-ஐயும்.

வணிக விமானி உரிமமான சி.பி.எல். வாங்க மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒரு பயிற்சி விமானம் மாதம் முழுக்கப் பறக்காது. மழை, மூடுபனி, பலத்த காற்று, 50 மணிக்கும் 100 மணிக்கும் ஒருமுறை வரும் பராமரிப்பு எல்லாம் போக, நன்றாக நடக்கும் பள்ளியிலேயே ஒரு விமானம் ஆண்டுக்கு 700, 800 மணி பறந்தால் பெரிது. 750 என்று வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியின் பத்து விமானங்களில் எட்டு எப்போதும் பறக்கும் நிலையில் இருக்கின்றன என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 6,000 மணி. 110 பேருக்குத் தலைக்கு 200 என்றால் 22,000 மணி. மூன்றரை ஆண்டுக்கும் மேல். பாதிப் பேர் ஏற்கெனவே பாதி தூரம் வந்திருப்பார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒருவர் முடித்துப் போனால் அந்த இடத்தில் இன்னொருவரைச் சேர்க்கிறார்கள், வரிசை குறைவதில்லை. இரண்டாவது பள்ளியில் ஆறு விமானங்கள் பறந்தால் ஆண்டுக்கு 4,500 மணி, 30 பேருக்குத் தேவை 6,000. பதினாறு மாதம். அவர்கள் சொன்ன காலமும் அதுதான். பறக்கும் விமானம் ஒன்றுக்கு நான்கைந்து மாணவர் என்பதுதான் தாங்கக்கூடிய அளவு. அதைத் தாண்டிவிட்டு 12 மாதம் என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனி பணம். 40 லட்சம் கடனுக்கு 11 சதவீதம் வட்டி என்றால் மாதம் சுமார் 36,600 ரூபாய். தங்குமிடம், சாப்பாட்டுக்கு 15,000 சேர்த்தால் ஒரு மாதத் தாமதத்தின் விலை 51,600. தள்ளுபடி போக முதல் பள்ளி 43 லட்சம், இரண்டாவதைவிட 13 லட்சம் குறைவு. 17 மாதத்தில் முடிய வேண்டியது 42 மாதம் இழுத்தால், கூடுதலான 25 மாதத்துக்கு 12.9 லட்சம். தள்ளுபடியும் விலை வித்தியாசமும் அதிலேயே கரைந்துவிடும். மகள் சம்பாதிக்காத இரண்டு ஆண்டுகளை இதில் சேர்க்கவே இல்லை.

தாமதம் காலத்தை மட்டும் தின்பதில்லை, பறக்கும் மணியையும் தின்னும். பத்துப் பதினைந்து நாள் பறக்காமல் இருந்த மாணவரை எந்தப் பொறுப்பான ஆசிரியரும் தனியாக அனுப்ப மாட்டார். கூடவே உட்கார்ந்து ஒரு சுற்றாவது பார்த்த பிறகுதான் விடுவார். அது ஆசிரியருடன் பறந்த மணியாகத்தான் பதிவாகும். சி.பி.எல்-க்கு 200-இல் 100 மணி மாணவரே தலைமை விமானியாகப் பறந்திருக்க வேண்டும். இடைவெளி விழ விழ ஆசிரியர் மணி ஏறிக்கொண்டே போகும், 200 முடிந்தும் தனிமணி 85-இல் நிற்கும். மீதி 15 மணிக்கு மேற்கொண்டு பணம். திறன் தேர்வுகளும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். பகல் தேர்வை முடித்துவிட்டு இரவுத் தேர்வுக்குக் காத்திருந்தே பகல் தேர்வு காலாவதியான மாணவர்கள் உண்டு. இரவில் ஐந்து மணி நேரமும் பத்துத் தரையிறக்கமும் தேவை. ஆகவே அந்த விமானத்தளத்தில் ஓடுபாதை விளக்கு உண்டா, இருட்டிய பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரம் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, கடைசி மூன்று மாதம் வீணாவது இதில்தான்.

‘பெயர் உள்ள பள்ளி’ என்கிறீர்கள். சுவரில் விமான நிறுவனச் சீருடையில் சிரிக்கும் படங்களைப் பார்த்தால், அவர் எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் உரிமம் வாங்கினார் என்று இரண்டு தேதி கேளுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2025 அக்டோபரிலிருந்து பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. ஆண்டுக்கு இருமுறை வரும். செயல்பாட்டுக்கு 40 சதவீத எடை, பாதுகாப்புக்கு 20. முதல் பட்டியலில் ஏ++, ஏ+ ஆகிய மேல் இரண்டு நிலைகளுக்கு ஒரு பள்ளிகூட வரவில்லை. எனவே ‘நாட்டிலேயே நம்பர் ஒன்’ என்ற பலகையைக் கண்டு மயங்க வேண்டாம். விபத்து நடந்திருந்தால் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்தின் அறிக்கைகளை இணையத்தில் யாரும் படிக்கலாம். 2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள் சில நாள் இடைவெளியில் விபத்துக்குள்ளாக, அந்தப் பள்ளியின் எல்லாத் தளங்களிலும் பறத்தலை டிஜிசிஏ நிறுத்தி வைத்தது. விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத மாணவர்களும் அதனால் காத்திருக்க வேண்டியதாயிற்று. முழுப் பணமும் கட்டிவிட்டவருக்கு அப்படிப்பட்ட நேரத்தில் வேறு பள்ளிக்கு மாறவும் வழி இருக்காது.

தரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அலுவலக ஏசி அறையில் உட்காராதீர்கள். காலை ஆறு மணிக்கே போய்ப் பத்து மணி வரை இருங்கள். வெயில் ஏறினால் காற்று குலுக்கும் என்பதால் பயிற்சியின் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான் நடக்கும். எத்தனை விமானம் மேலே போகிறது என்று எண்ணுங்கள். விமானக் கொட்டகையான ஹேங்கரில் தூசி படிந்து, முன்னாலுள்ள புரொப்பல்லர் கழற்றிய நிலையில் நிற்பவற்றையும் எண்ணுங்கள். அவையும் ‘10 விமானங்கள்’ கணக்கில்தான் இருக்கும். செஸ்னா 172-இல் மாணவர் மூக்குச் சக்கரத்தை அழுத்தி இறக்கினால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தீத்தடுப்புத் தகடு மடங்கிவிடும். தகடும் உதிரிபாகமும் வெளிநாட்டிலிருந்து வந்து பழுது பார்த்து முடிய மாதக்கணக்காகும். எஞ்சினும் சுமார் 2,000 மணிக்கு முழுப் பிரித்துப் பழுதுபார்ப்புக்குப் போக வேண்டும். மாற்று எஞ்சின் கையிருப்பில் வைத்திருக்கிறீர்களா என்ற ஒரு கேள்விக்கு வரும் பதிலே பள்ளியின் பணநிலையைச் சொல்லிவிடும்.

ஆசிரியர்களைப் பற்றி விசாரிக்கும்போது எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். உதவிப் பயிற்றுநர் மாணவரின் முதல் தனிப்பறத்தலுக்கு அனுமதி தர முடியாது. முழுத் தகுதி பெற்ற பயிற்றுநரோ தலைமைப் பயிற்றுநரோ வேண்டும். நான்கு உதவிப் பயிற்றுநர்கள் இருந்து, தலைமைப் பயிற்றுநர் இன்னொரு தளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தால் 20 மணியை எட்டிய மாணவர்கள் வரிசையாகக் காத்துக் கிடப்பார்கள். பறக்கும் முன் கரும்பலகையில் விளக்கமும், இறங்கிய பின் என்ன தவறு என்று உட்காரவைத்துப் பேச்சும் நடக்கிறதா என்று பாருங்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் ஆசிரியர் அடுத்த மாணவரோடு ஏறிவிடுகிறார் என்றால் சொல்லித்தர நேரமில்லை என்று பொருள்.

அங்கே 80, 100 மணி முடித்த மாணவர் ஒருவரைக் கேன்டீனில் பிடித்து, பறத்தல் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். தேதி வரிசையை மட்டும் பார்த்தால் போதும். 3, 4, 6, 7 என்று போய், பிறகு 29 என்று தாவினால் அந்த மூன்று வாரம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். மணி நேரத்தைப் பேனாவிலேயே எழுதித் தருகிறோம் என்று எவராவது சாடைமாடையாகச் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியலும் பறக்காத மணிகளும் வெளிவந்தபோது கைதானவர்களில் விமானிகளும் இருந்தார்கள்.

விலைப்பட்டியலில் என்ன இல்லை என்று பாருங்கள். இரட்டை எஞ்சின் விமானத்தில் பறக்கும் மணிகளும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் 46 லட்சத்தில் அடங்குமா? வேலைக்கு இரண்டும் தேவைப்படும், இரட்டை எஞ்சின் மணிக்கட்டணமோ ஒற்றை எஞ்சினைவிடப் பல மடங்கு. சிமுலேட்டருக்கு டிஜிசிஏ அங்கீகாரம் உண்டா? இல்லையென்றால் அதில் ஓட்டிய மணி கணக்கில் சேராது. 200-க்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு, எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில்? அடுத்து மீட்டர். சில பள்ளிகள் எஞ்சினை இயக்கியதுமே ஓடத் தொடங்கும் ஹாப்ஸ் மீட்டரை வைத்துப் பணம் வாங்கும். பதிவேட்டிலோ புறப்படுவதற்காக விமானம் நகர்ந்ததிலிருந்து நிற்கும் வரைதான் எழுத முடியும். ஆட்டோவில் வெயிட்டிங் மீட்டர் ஓடுவதுபோல ஒவ்வொரு முறையும் சில நிமிடம் போனாலும் 200 மணியில் அது பெரிய தொகை. 18 சதவீத ஜிஎஸ்டி என்று சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். டிஜிசிஏ அங்கீகரித்த பறத்தல் பயிற்சிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று 2024-இலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள்.

ஊரும் முக்கியம். கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் காலை நேரம் போய்விடும். மேற்குக் கடற்கரையில் பருவமழை. நம் பக்கம் சேலம் விமான நிலையத்திலும் பயிற்சிப் பள்ளிக்கு விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கியிருக்கிறது. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஆனால் ஒருமுறை போய்ப் பார்ப்பது எளிது.

30 லட்சத்தை 15 நாளில் கட்டாதீர்கள். தள்ளுபடிக்குக் கெடு வைக்கும் பள்ளிக்கு இன்றைய எரிபொருளுக்கே உங்கள் பணம் தேவைப்படுகிறது என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. சேர்க்கைத் தொகை, பிறகு ஒவ்வொரு 40 மணிக்கும் ஒரு தவணை என்று எழுதி வாங்குங்கள். பறக்காத மணிக்குரிய பணம் எத்தனை நாளில், எந்த வீதத்தில் திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ‘கட்டிய பணம் திரும்பாது’ என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கியிடமும் இதே தவணையில் பள்ளிக்கு நேரடியாக விடுவிக்கச் சொல்லுங்கள். வாங்காத கடனுக்கு வட்டி ஓடாது.

பள்ளியை முடிவு செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னொன்று. மகளுக்கு முதலில் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனை. நிறப்பார்வையிலோ இதயத்திலோ குறை தெரிந்தால் அது இப்போதே தெரியட்டும். கையோடு டிஜிசிஏ எழுத்துத் தேர்வுகளையும் முடித்துவிடலாம்: வான்வழிசெலுத்தல், வானிலை, விதிமுறை, தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். தேர்வுகளை முடித்துவிட்டுப் பறக்கப் போகிறவர் களத்தில் இருக்கும் நாட்களைப் பறப்பதற்கே செலவிடுவார். இதற்குச் சுமார் ஆறேழு மாதம் பிடிக்கும், செலவு மொத்தத் தொகையில் சிறு பங்கு. அதற்குள் இரண்டாவது பள்ளியில் மாணவர் எண்ணிக்கை 30-லேயே நிற்கிறதா, 60 ஆகிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். 60 ஆகியிருந்தால் மேலே போட்ட கணக்கை மறுபடி போடுங்கள்.