வேர் அசலா, கலப்படமா? கேட்டவர்களுக்குப் பதில்

சித்த மருந்து தயாரிக்கும் இடத்தில் வருகிற சரக்கைச் சோதிப்பது என் வேலை, வீடு தண்டையார்பேட்டை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் வேர்களைப் பற்றி நம்ம ஏரியா ஆட்கள் கேட்டதற்கெல்லாம் இங்கேயே பதில்.

கொருக்குப்பேட்டை: அண்ணே, அமுக்கரா பொடியில் அயோடின் விட்டேன், நீலக் கறுப்பாகிவிட்டது. மைதா கலந்துவிட்டார்களா?

அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். அமுக்கராவிலேயே மாவுச்சத்து நிறைய இருக்கிறது, சுத்தமான பொடியும் நீலமாகத்தான் மாறும். வீடியோவில் காட்டுகிற அந்தச் சோதனை இதற்குச் செல்லாது. நாங்கள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம், கோதுமை மாவின் துகள் வேறு மாதிரி, இந்த வேரின் துகள் வேறு மாதிரி. உங்களுக்கு அதைவிடச் சுலபமான வழி, பொடியை விட்டுவிட்டு முழு வேராக வாங்குவதுதான். வெளியே வெளிர் பழுப்பு, நீளவாக்கில் சுருக்கம், ஒடித்தால் படக்கென்று ஒடிந்து உள்ளே வெள்ளையாக, விரலில் மாவு ஒட்ட வேண்டும். நார் நாராக இழுத்தால் முற்றிப்போன சரக்கு. மிக்ஸியில் நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள், வேறென்ன.

ராயபுரம்: சார், அமுக்கரா மாத்திரை டப்பாவில் விதனோலைடு இவ்வளவு சதவீதம் என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

போதாது. விதனோலைடு என்பது அமுக்கராவின் மருந்துச் சத்து, அது இலையிலும் உண்டு, வேரைவிட இலை மலிவு. இலையைச் சேர்த்தே சதவீதத்தை ஏற்றிக் காட்டலாம். இலை வேண்டாம், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று 2021 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகமே தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. டிஎன்ஏ சோதனை பண்ணலாமே என்பீர்கள். இலையும் வேரும் ஒரே செடிதானே, அது எப்படிக் காட்டிக்கொடுக்கும்? எந்தெந்த விதனோலைடு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அவற்றில் இலையில் அதிகமாக இருக்கும் விதாஃபெரின் ஏ அளவுக்கு மீறி இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

திருவொற்றியூர், சர்பத் கடை: நன்னாரி வாசனை ஆளைத் தூக்குது. அசல்தானே?

வாசனையை மட்டும் நம்பாதீங்க தம்பி. மாகாளிக்கிழங்கிலும் அதே வாசனைப் பொருள்தான், அதனால்தான் நன்னாரி என்று சொல்லி அதைத் தள்ளிவிடுகிறார்கள். உருவத்தைப் பாருங்கள். நன்னாரி மெல்லிசு, கரும்பழுப்புத் தோலில் குறுக்கே வெடிப்பு வெடிப்பாக இருக்கும், நகத்தால் நெம்பினால் தோல் கழன்று உள்ளே கட்டையான தண்டு தெரியும். மாகாளி விரல் தடிமனுக்குச் சதைப்பற்றாக வரும். வாசனையே இல்லாமல் இதே மாதிரிக் கொடிவேர் வந்தால் அது வேறு செடி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வியாசர்பாடி: அண்ணா, குழந்தைக்கு உரைக்க அதிவிடயம் வாங்கினேன். நாக்கில் வைத்துப் பார்த்து வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம்மா. அதிவிடயமும் நாபியும் ஒரே இனம், நாபி கொடிய விஷம். அசல் அதிவிடயம் வெறும் கசப்பு. நாக்கு சுறுசுறுவென்று மரத்தால் நாபி கலந்திருக்கலாம், அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இந்த ஒரு சரக்கில் கடைக்காரர் சொல்லையும் என் சொல்லையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சித்த மருத்துவரிடம் காட்டாமல் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

காசிமேடு: வேரில் பூஞ்சை. துடைத்து வெயிலில் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. பூஞ்சை விட்டுப்போகும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு வெயிலுக்குப் போகாது. கடல்காற்று ஈரத்துக்கு நம்ம பக்கம் துணிப்பையில் வைத்தாலே பிடித்துவிடும். தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த தடவை கொஞ்சமாக வாங்கிக் கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள்.

எண்ணூர்: ரோட்டோரம் மூக்கிரட்டை நிறைய முளைக்குது. நானே பறித்த வேர், கலப்படத்துக்கு வழியே இல்லையே?

கலப்படம் இல்லை, சரி. ஆனால் மண் எப்படி? லாரிப் புழுதியும் சாம்பலும் விழுகிற இடத்தில் ஈயத்தைக் கண்ணாலும் பார்க்க முடியாது, கழுவியும் எடுக்க முடியாது. மூலிகைச் சரக்குக்கு அனுமதி கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அந்த ரோட்டோர வேரை நான் தொடமாட்டேன்.

பெரம்பூர்: இதையெல்லாம் எங்கே போய்ச் சோதிப்பது சார்?

அரும்பாக்கத்தில் மத்திய சித்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். எவ்வளவு சரக்கு வேண்டும், கட்டணம் என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகாதீர்கள், முழு வேர் வேண்டும், நீங்களே பறித்ததென்றால் இலையும் பூவும் சேர்த்து.